வெட்டுப்புள்ளியால் ஆட்களை அளந்தேன்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய தொழிற்சாலையொன்றில் பொறியியலாளராகச் சேர்ந்து, முகாமையாளராக ஓய்வுபெற்றவன் நான். முகாமைத்துவப் பயிலுநர்களைத் தெரிவுசெய்யும் நேர்முகக் குழுவில் பல ஆண்டுகள் இருந்தேன். அந்தக் கதிரையில் இருந்து நான் செய்த அநீதியொன்றை இங்கே எழுதுகிறேன். வந்தவர் என்ன கற்றார், என்ன செய்யக்கூடியவர் என்று அறிவதற்கு முன்பே, அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார் என்பதைப் பார்த்து அவருடைய மதிப்பை முடிவுசெய்தேன். தவறு என்று தெரியாமல் செய்ததாகச் சொல்லித் தப்ப முடியாது. அது நியாயம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை.

விண்ணப்பக் கட்டு என் மேசைக்கு வந்ததும் ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் ஓர் இலக்கம் இடுவேன். பேராதனை, மொறட்டுவை, கொழும்பு என்றால் 1. யாழ்ப்பாணம், களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர என்றால் 2. கிழக்குப் பல்கலைக்கழகம், தென்கிழக்குப் பல்கலைக்கழகம், எங்கள் ஊரின் கோணேசபுரி வளாகம் என்றால் 3. மாலபேயிலோ ஹோமாகமவிலோ உள்ள தனியார் நிறுவனத்தின் பட்டம் என்றால் இலக்கமே இல்லை. குழுவின் மற்ற இருவரும் என் அனுபவத்தில் நம்பிக்கை வைத்திருந்தார்கள். நேர்முகம் தொடங்கும்போது அந்தப் பென்சில் இலக்கம் மூவர் கண்ணுக்கும் முன்னால் இருக்கும். வருகிறவர் வாய் திறப்பதற்கு முன்பே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்.

இருவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஒருவர் குச்சவெளிப் பக்கத்துப் பெண். கோணேசபுரி வளாகத்தில் வணிகக் கற்கைகள் படித்து நல்ல வகுப்பில் சித்தியடைந்தவர். தகப்பன் கடற்றொழிலாளி, தாய் நோயாளி. நான் கேட்ட முதல் கேள்வி, "பேராதனை கிடைக்கேல்லையா, பிள்ளை?" அவர் என்னை நேராகப் பார்த்து, "கிடைச்சிருக்கும் சேர். அம்மாவைப் பார்க்க வேணும் எண்டு நான்தான் இங்க முதல் தெரிவாப் போட்டனான்" என்றார். வேறு எவரும் அதைப் பொறுப்புணர்வு என்று எழுதியிருப்பார்கள். நான் என் தாளில் 'முன்னேறும் ஆசை போதாது' என்று எழுதினேன். அன்றைக்கு எடுத்தவர் இலக்கம் 1 உள்ளவர். அவர் எட்டு மாதத்தில் கொழும்பில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் போனபோதும் நான் அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

மற்றவர் மூதூர்த் தம்பி. உயர்தரத்தில் மிகச் சிறிய வித்தியாசத்தில் பல்கலைக்கழக அனுமதியைத் தவறவிட்டவர். வாப்பா சவூதியில் சாரதியாக உழைத்து அனுப்பிய பணத்தில் மாலபேயில் தகவல் தொழினுட்பம் படித்தார். அவரிடம் நான், "பட்டத்துக்கு எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்டேன். அவர் தொகையைச் சொன்னார். அருகில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பியின் முகம் சுருங்கியது. பிறகு மரியாதை குறையாமலே சொன்னார்: "காசைக் கேட்டீங்க சேர். என்ன படிச்ச எண்டு கேக்கல்லயே." அவருடைய கோப்பில் இறுதியாண்டுச் செயற்றிட்டம் இணைக்கப்பட்டிருந்தது. களஞ்சியக் கையிருப்பைக் கண்காணிக்கும் ஒரு முறைமை. எங்கள் தொழிற்சாலைக்கு அன்று மிகத் தேவையாக இருந்த விடயம் அதுவே. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

இனி, இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் பேராதனைப் பொறியியல் பீடத்துப் பட்டதாரி. அதை வாழ்நாள் முழுவதும் நெஞ்சில் குத்திய பதக்கமாகக் கொண்டு திரிந்தேன். ஆனால் அகில இலங்கைத் திறமை வரிசையில் எனக்கு அங்கே இடம் கிடைத்திருக்காது. நான் திருகோணமலை மாவட்டத்தின் பங்கில் உள்ளே போனவன். எங்கள் காலத்தில் நான்கு பாடங்களின் மொத்தப் புள்ளியே கணக்கு. நான் எடுத்த புள்ளியை ஒரு கொழும்புப் பிள்ளை எடுத்திருந்தால், அந்தப் பிள்ளை வீட்டில் இருந்திருக்கும். 2001 உயர்தரப் பரீட்சை முதல் மொத்தப் புள்ளிக்குப் பதிலாக இசட் புள்ளி வந்தது. மாவட்ட ஒதுக்கீடு என்ற முறை இன்றும் தொடர்கிறது. இன்றைய முறையில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் எங்கள் மாவட்டமும் ஒன்று.

அந்த ஒதுக்கீட்டை நான் குறை சொல்லவில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவர்களுக்குச் செய்த காயத்தை நான் அறிவேன். மாவட்ட ஒதுக்கீடு எங்களைப் போன்ற ஊர்களுக்கு வாசல் திறந்ததையும் அறிவேன். ஆய்வுகூடம் சரியாக இல்லாத, பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலைப் பிள்ளையையும் கொழும்பின் பெரிய கல்லூரிப் பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்துவது நீதியல்ல. நான் வெட்கப்பட வேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை. ஆயினும் வெட்கப்பட்டேன். முதல் வருடத்தில் கொழும்பு, கண்டி மாணவர்கள் சிலர் 'கோட்டா' என்று சொன்ன சொல் உள்ளே தைத்தது. அதை மறைக்க மறைக்க, பேராதனையின் பெயரை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தேன். என் பெறுமதியை அந்தப் பெயர் ஒன்றே சொல்லட்டும் என்று விட்டேன். பிறகு அதிகாரம் கைக்கு வந்தபோது, என்னிடம் எவரும் கேட்காத கேள்வியை மற்றவர்களிடம் கேட்டேன்: நீ எந்த வாசலால் உள்ளே வந்தாய்?

மூதூர்த் தம்பியும் நானும் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றவர்கள். எனக்கு மாவட்டப் பங்கு கைகொடுத்தது. அவருக்கு அதுவும் ஒரு முடி அளவில் கைவிட்டது. அவருடைய வாப்பாவின் உழைப்பு அந்த இடைவெளியை நிரப்பியது. நான் என் வழியை மறைத்துக்கொண்டு, அவர் வழியைச் சபையில் வைத்து விசாரித்தேன்.

ஓய்வுபெற்ற பிறகுதான் என் அறியாமையின் அளவு எனக்குத் தெரிந்தது. உயர்தரப் பெறுபேறு வந்த காலத்தில், பல்கலைக்கழகத் தெரிவு பற்றிப் பெற்றோருக்குப் பேசும்படி ஒரு பாடசாலையில் அழைத்தார்கள். ஆயத்தமாகப் போனேன். எந்தப் பீடத்துக்கு எந்த மாவட்டத்தில் என்ன வெட்டுப்புள்ளி, எது முன்னணி, எது பின்னணி என்று மடமடவெனச் சொன்னேன். கடைசியில் ஒரு தாய் எழுந்து, "சேர், அங்க என்ன படிப்பிக்கிறாங்கள்? பிள்ளை முடிச்சு வரேக்க என்ன தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டார். நான் பேச்சிழந்து நின்றேன். எத்தனை மாணவருக்கு ஒரு விரிவுரையாளர், பாடத்திட்டம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, தொழிற்பயிற்சி எத்தனை மாதம், வெளியேறியவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் — இவற்றில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. நான் 1 போட்ட பல்கலைக்கழகங்களைப் பற்றியும் தெரியாது, இலக்கம் போடாமல் விட்டவற்றைப் பற்றியும் தெரியாது. தெரிந்ததெல்லாம் உள்ளே போவது எவ்வளவு கடினம் என்பது மட்டும்.

அன்றிரவு இருந்து யோசித்தேன். வெட்டுப்புள்ளி என்பது என்ன? இருக்கிற இடங்கள் எத்தனை, கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்பதன் விளைவு. கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் புள்ளி. உள்ளே நடக்கும் படிப்பைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஒரே பீடத்துக்குக் கொழும்பில் ஒரு வெட்டுப்புள்ளி, திருகோணமலையில் இன்னொன்று. அதுதான் தரத்தின் அளவு என்றால், ஒரே விரிவுரை மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு தரத்தில் அல்லவா படிப்பு நடக்க வேண்டும்? ஒரு பொறியியலாளனுக்கு இந்தக் கணக்கு விளங்க இத்தனை காலம் எடுத்திருக்கக் கூடாது. விளங்கிக்கொள்ள நான் விரும்பவில்லை என்பதே உண்மை.

உலகத் தரவரிசைகளையும் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்தேன். கியூஎஸ் தரவரிசையில் கல்விசார் நற்பெயருக்கு நீண்டகாலம் 40 வீதம் கொடுக்கப்பட்டது; 2024ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்து 30 வீதம் கொடுக்கப்படுகிறது. அந்த நற்பெயர் பேராசிரியர்களிடம் அபிப்பிராயம் கேட்டுத் திரட்டப்படுவது. எங்கள் நாட்டில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் வெபோமெட்ரிக்ஸ் பெரும்பங்கு பார்ப்பது இணையத்தில் ஒரு பல்கலைக்கழகம் எவ்வளவு தெரிகிறது என்பதையும் ஆய்வுக் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதையும். இவற்றுக்கு அவற்றுக்குரிய பயன் உண்டு. ஆனால் குச்சவெளிப் பெண் கணக்கேடு படிக்கத் தெரிந்தவரா என்று இவற்றில் ஒன்றும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

பெயர் எப்படி உண்டாகிறது, எப்படி மாறுகிறது என்பதற்கு றாகமையே சாட்சி. 1980களின் தொடக்கத்தில் அங்கே வட கொழும்பு மருத்துவக் கல்லூரி என்ற தனியார் கல்லூரி தொடங்கியது. காசு கொடுத்து வைத்தியராவதா என்று அரச பல்கலைக்கழக மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். நான் பேராதனையில் இருந்த காலம் அது. கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். 1989இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. 1991இல் அதே இடத்தில் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் உருவானது. இன்று அந்தப் பீடத்தில் இடம் கிடைத்தால் ஊரே வாழ்த்துகிறது. மாணவர்கள் பயிற்சி பெறுவது அதே றாகமை வைத்தியசாலையில். அரச பீடமானதும் அனுமதிமுறை மாறியது, கட்டணம் போனது. அவை பெரிய மாற்றங்கள்தான். ஆனால் முன்னதை ஒரேயடியாகக் கேவலமென்றும் பின்னதை ஒரேயடியாகப் பெருமையென்றும் சொன்ன எங்களில் எவரும், இரண்டிலும் என்ன கற்பித்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பிறகு மாலபேயில் சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரி வந்தது. அதே கோஷம், வேலைநிறுத்தம், வழக்கு. 2017இல் அதை மூடுவதென்று முடிவானது. மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகம் அரசுக்குரியது. சிவில் மாணவர்களிடம் கட்டணமும் வாங்குகிறது. அரசு, தனியார் என்று நான் பென்சிலால் இட்ட கோடு உண்மையில் அவ்வளவு நேராக ஓடவில்லை.

இதனால் அரச பல்கலைக்கழகமும் தனியாரும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. கன்னங்கராவின் இலவசக் கல்வி இல்லாவிட்டால் நான் இந்த நகரத்தில் கூலிக்குப் போயிருப்பேன். வறிய பிள்ளைக்கு இன்றும் இருக்கிற உறுதியான வழி அரச பல்கலைக்கழகம்தான். அதைப் பாதுகாப்பதற்காகக் குரல் கொடுப்பது சரியே. ஆனால் அந்த வழியைப் பாதுகாப்பது வேறு, அதில் போக முடியாதவரை இழிவாகப் பார்ப்பது வேறு. உயர்தரத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அங்கே இடமில்லை. தகுதி உண்டு, இடமில்லை என்று அரசே சொல்லி அனுப்பும் பிள்ளைகள் அவர்கள். 2017 முதல் தனியார் பட்டப்படிப்புக்கு வட்டியில்லாக் கடனை அதே அரசு கொடுக்கிறது. அப்படியிருக்க, அவர்களைக் குறைந்தவர்களாக நடத்த எனக்கு யார் உரிமை தந்தார்கள்?

அரச பல்கலைக்கழகத்தின் பெயர் மறைத்துவிடும் கொடுமைகளும் உண்டு. 1997இல், நான் பெருமைப்படும் அதே பேராதனைப் பொறியியல் பீடத்தில், ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. நான் கொடுத்த இலக்கம் 1இல் அந்த மரணத்துக்கு எங்கே இடமிருந்தது? மறுபக்கம், நான் 3 போட்ட கிழக்குப் பல்கலைக்கழகம் என்னென்ன தாங்கியது என்பதை இந்த மாகாணத்தவன் மறக்கலாமா? 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமானது. 1990இல் வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமாயிற்று. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் திகதி அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போனார்கள். 2006 டிசம்பரில் அதன் உபவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் கொழும்பில் வைத்துக் காணாமலாக்கப்பட்டார். இத்தனைக்கும் நடுவே விரிவுரை நடந்தது, பட்டமளித்தார்கள். எங்கள் கோணேசபுரி வளாகம் 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது. பிரயோக விஞ்ஞானமும், தொடர்பாடலும் வணிகமும் அங்கே உண்டு. நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் சித்த மருத்துவம் கற்பிக்கும் இடங்கள் யாழ்ப்பாணமும் இதுவுமே. நிலாவெளிக்குப் போகும் வழியில் எத்தனையோ தடவை அந்த வாசலைக் கடந்திருக்கிறேன். ஓய்வுபெறும்வரை ஒருநாள்கூட உள்ளே போய், என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

நான் கெடுத்தது அந்த இருவரின் வாய்ப்பை மட்டுமல்ல என்று இப்போது புரிகிறது. என் போன்றவர்கள் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து இலக்கம் போட்டபடியால்தான், இந்த ஊரில் தாய்மார் நகையை அடகு வைத்துப் பிள்ளையை மூன்றாம் முறையும் பரீட்சைக்கு இருத்தினார்கள். பக்கத்து வளாகத்தில் கிடைத்த இடத்தைச் சொல்லப் பிள்ளைகள் கூசினார்கள். தனியார் நிறுவனத்தில் படித்தவர்கள் கல்யாணப் பேச்சில்கூட அந்தப் பெயரை மெதுவாகச் சொன்னார்கள். உள்ளூர் வளாகத்தின் பட்டதாரியை உள்ளூர்த் தொழிற்சாலையே ஏற்காவிட்டால், அந்த வளாகத்துக்குப் பெயர் எங்கிருந்து வரும்? பெயரில்லை என்று நாங்கள் எடுக்கவில்லை. நாங்கள் எடுக்காததால் பெயர் வரவில்லை. அந்த வட்டத்தை உடைக்கும் இடத்தில் நான் இருந்தேன். உடைக்கவில்லை.

இப்போது என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிற பெற்றோருக்கு நான் இலக்கம் சொல்வதில்லை. தனியார் என்றால் இதைப் பாருங்கள் என்கிறேன்: 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில் 25அ பிரிவின்கீழ் பட்டம் வழங்கும் நிறுவனமாக அங்கீகாரம் பெற்றதா? குறிப்பிட்ட அந்தக் கற்கைநெறிக்கே அனுமதி உண்டா? வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? பொறியியல் என்றால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் தராதர அங்கீகாரம் உண்டா? அந்த அங்கீகாரம் அரசா தனியாரா என்று கேட்பதில்லை. பாடத்திட்டம், ஆய்வுகூடம், ஆசிரியர் தகுதி, மாணவரின் வேலை ஆகியவற்றைக் கேட்கிறது. அரச பல்கலைக்கழகம் என்றாலும் பீடத்துக்குப் போய் மூத்த மாணவர்களோடு பேசச் சொல்கிறேன். விளம்பரத்தைப் பார்த்து எங்கேயும் பணம் கட்ட வேண்டாம், பெயரைப் பார்த்து எங்கேயும் கால் வைக்கவும் வேண்டாம் என்கிறேன்.

இதெல்லாம் பிராயச்சித்தம் ஆகாது. குச்சவெளிப் பிள்ளைக்கு அந்த வேலை அன்றைக்குத் தேவைப்பட்டது. மூதூர்த் தம்பி தன் வாப்பாவின் உழைப்பை நான் அவமதித்த நினைவோடு வீடு போனார். இருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் தகுதியில் குறை இருக்கவில்லை. என் பட்டத்தின் பெயர் போனால் என்னிடம் ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் எனக்கு இருந்தது. அதற்கான விலையை உங்கள் தலையில் கட்டினேன்.

இன்று இந்தத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களில் நேர்முகக் குழுவில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். விண்ணப்பத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் உள்ள வரியை மறைத்துவிட்டு, இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை முதலில் வாசியுங்கள். அதைப் பற்றி அந்தப் பிள்ளையோடு அரைமணி நேரம் பேசுங்கள். எங்கே தடுமாறினார், அதை எப்படித் தீர்த்தார் என்று கேளுங்கள். புள்ளியை எழுதி முடித்த பிறகு பெயரைப் பாருங்கள். என் கையில் அந்த வசதி முழுவதும் இருந்தது, நான் செய்யவில்லை. நீங்கள் செய்யலாம்.